ரெண்டு விசில்

கள்ளக்குறிச்சியில் ராசு டிரைவரை ஒரு காலத்தில் தெரியாதவர்கள் கிடையாது. கரியாலூர் மலைப் பஸ்ஸை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்கியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்; கோழிக்குஞ்சுகளைக் கேட்க வழியில்லை. மனைவி ஆயம்மாள் அந்தப் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி சீட்டில்தான் உட்கார வேண்டும். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் வண்டி பள்ளத்துக்குப் போய்விடுமாம். அந்த அம்மாளும் வளைவுக்கு வளைவு தூக்கிப் போட, இடுப்பொடிய மலைக்குப் போய் வந்தாள்.

எழுபத்து மூன்று வயதில் ராசுவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. ரெண்டு வருஷம் கட்டிலில் கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ரிட்டயர்டு டிரைவர்கள் தினமும் காலையில் கூடுவார்கள். அங்கே போக முடியவில்லையே என்றுதான் மனுஷன் பாதியாக இளைத்தார். பார்க்கச் சகிக்காமல் டீச்சர் வேலை பார்க்கும் மகள் கோகிலவாணி ஒரு மூன்று சக்கர பேட்டரி வண்டி வாங்கிக் கொடுத்தாள். பச்சை நிறம். முன்னால் கூடை, பின்னால் ஒரு ஆள் உட்காரச் சின்ன சீட்டு. மிரண்டு ஓடும் ஆடு அதை முந்திவிடும்.

ஆனால் ராசு அதை பேட்டரி வண்டியாகவா பார்த்தார்? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பெட்டியில் கிடந்த காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பித்தான்தான் தொப்பையைத் தாண்டி எட்டவில்லை. மெக்கானிக் சுபாஷைப் பிடித்து, லாரி மாதிரி அலறும் ஹாரன் ஒன்றை மாட்டிக்கொண்டார். அன்றைக்கே ஊருக்குச் சனி பிடித்தது.

மலைப்பாதையில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்தால் டிரைவர்கள் நிறுத்தி நாலு வார்த்தை பேசிக்கொள்வது வழக்கம். கடைவீதியில் பழைய டிரைவர் வேடியப்பன் மொபெட்டில் எதிரே வர, ராசுவும் நடுரோட்டிலேயே நிறுத்தினார். வேடியப்பனின் சர்க்கரை அளவில் ஆரம்பித்து அவர் மருமகளின் சமையல் வரை நிதானமாக விசாரித்தார். பின்னால் நின்ற வண்டிகளில் ஒன்று மாப்பிள்ளை கார். முகூர்த்தம் தவறவிருந்த மாப்பிள்ளையின் அப்பா மறுநாள் வீடு தேடி வந்து திட்டித் தீர்த்தார். அது முதல் புகார்.

கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பக் கூடாது என்பது மலைச் சட்டம். ராசு அதைத் தெருமுனைக்கும் கொண்டுவந்தார். ஹயாத் பாஷாவின் பிளாஸ்டிக் கடை முனையில்தான் இருக்கிறது. அவர் ஸ்டூல் மேல் ஏறிக் குடங்களை மாட்டிக்கொண்டிருந்தபோது காதுக்குள் லாரி வந்தது. குடங்களும் அவரும் சேர்ந்து கீழே வந்தார்கள். கோபத்தைக்கூட மரியாதையாகச் சொல்கிற மனிதர். இடுப்பைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கோகிலவாணியிடம் "உங்கப்பாவுக்கு ஹாரன் ஜாஸ்தி, கண்ணு கம்மிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கோகிலவாணி தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொரு புகார் வந்தால் சாவி பீரோவுக்குள் போய்விடும், அப்புறம் அழுதாலும் வராது என்றாள். வகுப்பில் சொன்னால் சொன்னதைச் செய்கிற டீச்சர் அவள். மறுபடியும் அந்தக் கட்டில், அந்த மின்விசிறி. அதை நினைத்தாலே ராசுவுக்குப் பயமாக இருந்தது. ஹாரனைக் கழற்றிக் கொடுத்தார். காக்கிச் சட்டையை மட்டும் கழற்றவில்லை.

பதினைந்து நாள் பசுவாக ஓட்டினார். பதினாறாம் நாள் நாலு முனை ரோட்டில் போலீஸ்காரர் செழியன் கை காட்டி நிறுத்தினார். ராசு கோடு தாண்டாமல் அழகாக நின்றார். குறுக்கே கரும்பு டிராக்டர் ஒன்று அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து பைக்கில் வந்த ஒருவன் ஓரமாக நுழையப் பார்த்தான். செழியன் அவனை அதட்ட விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

அவ்வளவுதான். ஒரு விசில் என்றால் நிறுத்து, ரெண்டு விசில் என்றால் போகலாம். முப்பத்தோரு வருஷம் கண்டக்டர் ஊதி ஊதி ராசுவின் உடம்பில் ஏற்றிய பாடம். அது மூளையைக் கேட்கவில்லை. வலது கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்கியது. வண்டி டிராக்டரின் வாலை மயிரிழையில் தவறவிட்டு, நேராகப் போய்ப் போலீஸ் நிழற்குடையில் முட்டியது. குடை செழியனின் தலையில் கவிழ்ந்தது. மனுஷன் குடைக்குள்ளிருந்து, கை காட்டிக்கொண்டு நிற்கும்போது ஏன் பெரியவரே வந்தீர்கள் என்று கத்தினார்.

ராசு கூசவே இல்லை. "ரெண்டு விசில் நீதான குடுத்த? கண்டக்டர் தப்பா ஊதினா டிரைவர் இன்னா பண்ணுவான்?" என்றார்.

நாலு முனையும் சிரித்தது. யாரோ போனில் படம் பிடித்தார்கள். ராசு வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு கோகிலவாணியின் போனில் உட்கார்ந்திருந்தது. அவள் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தார்.

ஆறு நாள் கட்டிலில் கிடந்தார். முதல் நாள் சாப்பாடு வேண்டாம் என்றார்; தோசை வாசனை வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். அதன் பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஏழாம் நாள் காலையில் வாசலில் வண்டி முனகும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார். டிரைவர் சீட்டில் ஆயம்மாள் உட்கார்ந்திருந்தாள். கூடையில் காய்கறிப் பை. மகள் சாவியை அவளிடம் கொடுத்திருக்கிறாள். இந்த ஆறு நாளும் மத்தியானத்தில் அவர் குறட்டை விட்ட நேரத்தில், காலி மைதானத்தில் ஓட்டிப் பழகியிருக்கிறாள்.

"டீக்கடைக்கு வரதுன்னா பின்னால குந்து" என்றாள். "டிரைவர்கிட்ட பேசக் கூடாது."

ராசுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தார். வண்டி நகரவில்லை. ஆயம்மாள் இரண்டு கையாலும் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, போவலாம் இல்ல?" என்றார்.

"நீ விசில் குடுத்தாத்தான?"

ராசு நாக்கை மடித்தார். முன்பல் இல்லாததால் முதலில் வெறும் காற்றுதான் வந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஊதினார், ரெண்டு தடவை. ஆயம்மாள் வண்டியை எடுத்தாள்.