மஞ்சிட்டிக்குப் பிடித்த நூல்

பூத்தையல்காரிக்கு இது வாழ்க்கையில் முதல் கண்காட்சி. துணி, நூல், சாயம் மூன்றிலும் ரசாயனம் தொட்டிருக்கக் கூடாது; சாயம் பிடிக்கவைக்கும் சோடா உப்புக்கும் படிகாரத்துக்கும் மட்டும் விலக்கு. இதுதான் அங்கே சட்டம். திங்கட்கிழமை கடைசி நாள். மருந்தடிக்காத பருத்தித் துணி, வழக்கமாகக் கொடுக்கும் தறிக்காரரிடமிருந்து வந்துவிட்டது. மஞ்சிட்டி வேரும் அடுப்பில் செக்கச்செவேல் என்று சாயம் இறக்கிக்கொண்டிருந்தது. நூல்தான் காலை வாரிவிட்டது.

‘சுத்த இயற்கை நூல்’ என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த நூற்கண்டு, ஒரு மணி நேரம் சாயத்தில் கிடந்தும் எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல் அசையவில்லை. சந்தேகப்பட்டு நுனியைத் தீயில் காட்டினாள். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். இது சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. பிளாஸ்டிக்! கடைக்காரர் சத்தியத்தின் சாயம் வெளுத்துவிட்டது.

பதறிப்போய்த் தறிக்காரருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, சாயம் போடாத நூல் அவசரமா வேணும்.”

“இப்ப அனுப்பினா வந்து சேர பத்து நாள் ஆகுமேம்மா. ஆமா, உங்க வீட்டுலயே இருக்கணுமே! ரெண்டு வருஷமா துணிப் பார்சலை எதால கட்டி அனுப்பறேன்? தறியில மிஞ்சற நூலைத்தான் நாலஞ்சு இழையா முறுக்கிக் கட்டறேன். துணியும் அதுவும் ஒரே பருத்தி.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கயிறுகளைச் சேர்த்துச் சேர்த்து உருண்டை கட்டிய கணவனை, போன ஞாயிற்றுக்கிழமைதான் தூக்கிப் போடச் சொல்லி நிற்கவைத்துத் திட்டியிருந்தாள்.

“ஏங்க! அந்தக் கயித்து உருண்டைய என்ன பண்ணீங்க?”

“போட்டுட்டேன்! அன்னிக்கே போட்டுட்டேன்!” சவரம் பாதியில் நிற்க, கன்னம் நிறைய நுரையோடு கணவன் அலறினான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போனது.

“திட்டமாட்டேன்னு சொல்லு.” செருப்பு அலமாரியைத் திறந்து, பழைய மழை பூட்ஸுக்குள் கையை விட்டான். தேங்காயளவு உருண்டை வெளியே வந்தது. “மனசு வரல. பொய் சொல்லிட்டேன்.”

உருண்டையோடு சேர்த்து அவனையும் கட்டிக்கொண்டாள். நுரை அவள் காதிலும் அப்பியது.

முறுக்கைப் பிரித்தால் ஒவ்வொரு இழையும் இரண்டு முழம்தான். நெய்பவருக்கு அது குப்பை. பூத்தையலுக்கோ எப்படியும் முழ நீளத்துக்குத்தான் வெட்ட வேண்டும். சோடா உப்பில் வேகவைத்து, படிகாரத்தில் ஊறப்போட்டு, மறுநாள் காலை மூச்சைப் பிடித்துக்கொண்டு சாயத்தில் இறக்கினாள். கரண்டியால் தூக்கியபோது நூல் தீக்கொழுந்துச் சிவப்பாக மின்னியது. அலசினாள். சிவப்பு போகவில்லை!

“பிடிச்சுக்கிச்சு! பிடிச்சுக்கிச்சு!” என்று அவள் குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து, என்ன தீயா என்று கேட்டார்.

கண்காட்சிப் படிவத்தில் ‘நூலைப் பாதுகாத்தவர்’ என்று ஒரு கட்டம் இல்லை. அவளே ஓரத்தில் கோடு போட்டுக் கணவன் பெயரை எழுதினாள்.

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு மெதுவாக, “அப்போ பரண்மேல இருக்கற உடைஞ்ச குடையெல்லாம்...” என்று ஆரம்பித்தான்.

“வாயைத் திறக்காதீங்க,” என்றாள். ஆனால் தூக்கிப் போடச் சொல்லவில்லை.