நாகலிங்கம் இலை உதிர்த்த வாரம்

ராஜஸ்ரீக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் முறிந்தபின் வலியசாலையில் அம்மாவோடு இருந்தாள். வேலை ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில். தினமும் காலையில் பஸ்ஸை விட்டிறங்கியதும், வளாகத்து நாகலிங்க மரத்தடியில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவாள். அந்த மரம் கிளை நுனியில் பூக்காது. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில் பூக்கும். அந்த வாசனைக்குள் நின்றால் ஹைவே இரைச்சல்கூட எங்கோ தண்ணீருக்கடியில் கேட்பதுபோல இருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால், மரத்தில் ஓர் இலைகூட இல்லை. வெள்ளிக்கிழமை கரும்பச்சையாக நின்ற மரம்! நேரே தோட்டப் பிரிவுக்கு ஓடினாள்.

அங்கே சூப்பர்வைசர் வெங்கிடேஷ் சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டுப் பக்கத்து ஸ்ரீவராகத்துக்காரர், தனியாள்.

"மரம் பட்டுப்போச்சு, உங்களுக்குத் தெரியுமா?"

"பட்டுப்போகலை. வருஷத்துல ரெண்டு மூணு தடவை இப்படி மொத்தமா உதிர்த்துடும். பத்து நாள் பொறுத்துப் பாருங்கோ."

அவள் நம்பவில்லை. மறுநாள் வெங்கிடேஷே மரத்தடிக்கு வந்து, அன்றைக்கு மலர்ந்த பூவொன்றை அவள் கையில் வைத்தார். ஆறு இதழ்கள். நடுவில் சின்ன வட்டம். அதன்மேல் நாகப்படம்போலக் கவிந்த குடை.

"வட்டத்துல இருக்கற மகரந்தந்தான் காய் பிடிக்க. குடையில இருக்கறது முளைக்காது, வண்டுக்குச் சாப்பாடு. இந்தப் பூவுல தேன் கிடையாது, கேட்டோ."

"அப்போ வந்த வண்டு பசியோட போகாது."

"போகாது" என்று சிரித்தார்.

அதன்பின் தினமும் இருவரும் மரத்தடியில் நின்றார்கள். வெறுங்கிளைகள் வெள்ளை வானத்தில் மிதந்தன. கீழே அடிமரம் மட்டும் சிவப்பாய்ப் பூத்துக்கொண்டே இருந்தது. எட்டாம் நாள் கிளையெங்கும் தளிர். ராஜஸ்ரீ அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

அவள் நிற்பதைப் பார்த்த அவசரத்தில், வெங்கிடேஷ் ஸ்கூட்டரை மரத்தடியிலேயே நிறுத்திவிட்டு வந்தார். இரண்டு வார்த்தை பேசியிருப்பார்கள். டமார்! பீரங்கிக்குண்டுபோல ஒரு காய் சீட்டின்மேல் விழுந்து உடைந்தது. வெள்ளைச் சதை காற்றுப் பட்டதும் அவர்கள் கண்முன்னேயே நீலமாக மாறியது. நாற்றம் தாங்காமல் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இங்கே வண்டி நிறுத்தாதேன்னு போர்டு வச்சது யாரு?"

"நான்தான்."

ராஜஸ்ரீ சிரித்தாள். கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலை அவரும் அவள் போகும் பஸ்ஸில் வந்தார். எத்தனை கழுவியும், ஸ்கூட்டரைத் துடைத்த கையின் நாற்றம் போகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். ராஜஸ்ரீ போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

ஸ்கூட்டர் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. ஆனாலும் அவர் ஏப்ரல் நடுவில் வரும் விஷுப் பண்டிகைவரை பஸ்ஸில்தான் போய்வந்தார். விஷுவுக்கு முந்தின நாள், ராஜஸ்ரீ அம்மாவிடம் வெங்கிடேஷைப் பற்றிச் சொன்னாள். அம்மா மறுநாள் விடிந்ததும் கண்விழித்துப் பார்க்கும் கனிக்கு வெள்ளரிக்காயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சாப்பிட வரச் சொல்லேன்" என்றாள்.