உன்னிச்சைக்குப் போன ருசி

வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், புளியந்தீவுப் பட்டினத்தில் மேனுகா கடித்த உழுந்து வடையின் ருசி, உன்னிச்சையில் கட்டிலில் கிடந்த அவளுடைய புருசன் உதயரூபனின் நாக்கில் போய் இறங்கியது. மேனுகாவின் வாயில் சூடு மட்டும் மிஞ்சியது.

உதயரூபன் உழவு மெசின் ஓட்டியவன். இரண்டு வருசத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அவனுடைய தொண்டை மூடிக்கொண்டது. பேச்சு வெளியே வந்தது, சோறு உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அவனுடைய அக்கா சின்னத்தங்கம் அதில் மாவைக் கரைத்து ஊற்றினாள். மேனுகா பட்டினத்து மருந்துக்கடையில் வேலை எடுத்து, அங்கேயே அறை ஒன்றில் தங்கினாள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால் சடங்கு முடியும்வரை ஊரில் எவரும் மச்ச மாமிசம் தொடுவதில்லை. அந்த வருசம் கதவு திறக்கிற நேரம் குழாயைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீரும் இல்லாமல் விரதம் இருக்கப்போவதாக உதயரூபன் சொன்னான். விரதம் எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் விளங்கியது. அம்மன் பெயரில் எடுத்த விரதத்தை வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

கதவு திறக்கிற நாளென்று மேனுகாவுக்கு லீவு கொடுத்தார்கள். பொழுது படுமுன் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். போனால் அவன் குழாயைப் பிடுங்குவதைப் பார்க்க வேண்டும். பஸ் நிலையத்தில் நின்றபடி ஒரு வடையை வாங்கிக் கடித்தாள். உடனே போன் அடித்தது.

“வடையா திண்ட?” என்றான் உதயரூபன்.

“ஓம். ஆர் சொன்ன?”

“என்ட நாக்கு சொல்லிச்சு. மிளகு கூடிப்போச்சு. இன்னொருக்காக் கடி.”

கடித்தாள். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

அன்று பகல் முழுவதும் மேனுகா பட்டினத்தைச் சாப்பிட்டாள். பறங்கியர் தெருவில் வீட்டிலேயே கேக் அடித்து விற்கும் ஒரு கிழவியிடம் ரவையும் முந்திரிக் கசுக்கொட்டையும் பன்னீரும் சேர்த்த லவ் கேக் வாங்கினாள். அவள் அதை மென்றபோது உன்னிச்சையில் உதயரூபனின் மீசைக்கு எறும்பு ஏறியது. விகாரைப் பக்கம் சிங்களப் பெண் ஒருத்தி பாற்சோறும் கட்டச்சம்பலும் வைத்திருந்தாள். சம்பலுக்கு அவன் கண் கலங்கியது. கல்லடியில் வாவி நண்டை முருங்கை இலை போட்டுச் சமைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு குடித்த வெறுந்தேத்தண்ணிக்கு அவன் வாயிலிருந்து ஆவி எழும்பியது. செய்தி பரவி, வட்டைக்கு வயல் வேலைக்குப் போனவர்கள் மண்வெட்டியோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வெறும் வாய் அசைவதையும் நெற்றி வேர்ப்பதையும் பார்த்தார்கள். அறையில் நண்டு மணத்தது. மேனுகா இரண்டு வருசம் அந்தப் பட்டினத்தில் இருந்தவள், ஆனால் அறையையும் கடையையும் தவிர வேறொன்றும் அறியாதவள். பட்டினத்தின் ருசி இப்படியென்று கட்டிலில் கிடப்பவன் போனில் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்தது. பன்னீர் என்றான், கொறுக்காய்ப்புளி என்றான், தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் அடிப்பிடிக்க விட்டிருக்கிறார்கள் என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இவ்வளவும் உங்கயா கிடந்த?” என்றான்.

“நானும் இண்டைக்குத்தான் காணுறன்.”

“கதவு திறக்கமுன்ன வந்திரு புள்ள.”

வந்திருக்கலாம். ஆனால் காத்தான்குடி பக்கத்தில்தான் இருந்தது. அங்கே றபீக்கா என்பவள் வீட்டு முன்பகுதியில் சாப்பாட்டுக்கடை நடத்தினாள். மேனுகா உட்கார்ந்தபோது வெயில் சரிந்திருந்தது. இறைச்சி ஆணமும் சோறும் வந்தன. அவள் ஒரு வாய் வைத்தாள். போனில் உதயரூபன் பக்கம் கோயில் பறை அடிப்பது கேட்டது.

“என்னத்தத் திண்ட?”

“ஆட்டிறைச்சி.”

“ஆடில்ல இது.”

மேனுகா தலையை நிமிர்த்தி றபீக்காவிடம் கேட்டாள்.

“மாடு புள்ள. காத்தான்குடிக்கு வந்து ஆடு தேடுறீங்களா? வாயில வெச்சாத் தெரியாதா?”

“எனக்குத் தெரியாதுகா. என்ட ருசி வேற ஆளுக்குப் போகுது.”

றபீக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பொய்யில்லை என்று கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “யா அல்லாஹ், கேட்டுப்போட்டு வெச்சிருப்பேனே.”

பறை அடித்தபோதே கதவு திறந்துவிட்டது. உதயரூபன் பிடுங்கிய குழாய் அவன் கையில் இருந்தது. விரதம் தொடங்கி, அதே மூச்சில், அவன் பிறந்ததிலிருந்து தொடாத இறைச்சி அவன் நாக்கில் கிடந்தது. மேனுகா அழத் தொடங்கினாள். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“அழாத,” என்றான் உதயரூபன். பிறகு கேட்டான்: “எலும்போட ஒட்டினது கிடக்கா?”

“கிடக்கு.”

“அதையும் தின்னு. முறிஞ்சது முறிஞ்சு போச்சு. மறுகா என்ன?”

சின்னத்தங்கம் கோயிலுக்கு ஓடி, அங்கே பூசை செய்யும் கப்புகனாரிடம் நடந்ததைச் சொன்னாள். ருசி பட்டினத்திலிருந்து வந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கதவு திறக்கமுன்னா பின்னா என்று மட்டும் கேட்டார். பின் என்றாள். அப்படியென்றால் விரதம் குற்றப்பட்டுவிட்டது என்றார். குற்றப்பட்டவன் அந்த வருசம் விரதம் பிடிக்க முடியாது. அடுத்த வைகாசியில் தன் காலால் நடந்து வந்து வழந்துப் பானை வைத்துப் பொங்கவேண்டும். “அதுவரைக்கும் உடம்பப் பாக்கிறது அவன்ட பொறுப்பு. அம்மாளுக்குக் குற்றத்த வெச்சிட்டுச் சாக ஒண்ணா, சொல்லு போய்.” சின்னத்தங்கம் வீட்டுக்கு வந்து குழாயைக் கழுவினாள். காலையில் தாதி வந்து அதைத் திரும்பவும் விட்டாள். உதயரூபன் மூக்கைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தான்.

அடுத்த வைகாசியில் அவன் மூக்கில் குழாயோடு நடந்து போய்ப் பொங்கினான். கப்புகனார் குற்றம் தீர்ந்தது என்றார். மறுநாள், கதவு திறந்திருக்கையிலேயே, மேனுகா வாழைச்சேனைக்கு பஸ் ஏறிப் போய்க் கணவாய்க் கறி சாப்பிட்டாள். அதன் ருசியும் உதயரூபனின் நாக்குக்குப் போனது என்று கப்புகனார் புதுக் குற்றம் விதித்து, அதற்கு அடுத்த வருசமும் நடந்து வந்து பொங்கச் சொன்னார். அதன் பிறகு ஏறாவூர், ஓட்டமாவடி என்று வருசங்கள் போயின. உதயரூபனின் தொண்டை இன்னும் திறக்கவில்லை. அவனுக்குத் தொந்தி வைத்துவிட்டது. ஊரில் அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. கப்புகனார் மட்டும் கதவைத் திறந்த கையோடு அவன் பக்கம் திரும்பி, இந்த முறை என்ன கறி என்று கேட்கிறார்.