சிரிக்காமச் சொல்லுங்க அண்ணி

"அங்க போய்க் காசு கேட்டு என் மானத்தை வாங்காதே. அவன் என் கூடப் பொறந்தவன்."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மனைவியை வாசலில் மறித்துக்கொண்டு சொன்னார் கணவர். அவள் அவரை விலக்கிக்கொண்டு படியிறங்கினாள். பதில் பேசினால் சண்டை வரும், சண்டை வந்தால் பஸ் போய்விடும்.

கொழுந்தன் படம் எடுக்கிறான். வேலைக்காரிக்குக் கூலி தராமல் இழுத்தடிக்கும் எசமானியின் கதை. வேலைக்காரியாக நடித்தது அண்ணிதான். தையல்கடைக்கு லீவு போட்டுவிட்டு நடித்தாள். கடையில் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் மாற்றவேண்டிய மூக்குக்கண்ணாடி மாறாமலே போயிற்று. ஊசியில் நூல் கோக்கக்கூடப் பக்கத்து மெஷின்காரியைக் கெஞ்சவேண்டியிருந்தது. படத்தில் கேமராவுக்கு வாடகை உண்டு, விளக்குக்கு உண்டு, ஒரே ஒரு காட்சியில் குரைத்துவிட்டுப் போன நாய்க்கும் உண்டு. நடித்த மனுசர்களுக்கு மட்டும் 'நம்ம படம்தானே' என்கிற பாசம்!

படப்பிடிப்பில் குரல் சரியாகப் பதியவில்லை. அதனால் எல்லாரும் டப்பிங் அறைக்கு வந்து அவரவர் வசனத்தை மறுபடி பேசவேண்டும். அண்ணிதான் முதலில்.

"திரையில உங்க வாய் அசையறப்போ பேசணும் அண்ணி. அவ்வளவுதான்."

திரையில் அவளே எசமானி முன்னால் கைகூப்பி நின்றாள். வாய் அசைந்தது. மைக் முன்னால் நின்றவளிடமிருந்து சத்தமே இல்லை.

"அண்ணி, பேசலையே?"

"என்ன வசனம் தம்பி?"

"'என் கூலியைக் குடுங்கம்மா.' மறந்துட்டீங்களா?"

"'என் கூலியைக் குடுங்க தம்பி'ன்னு மாத்திக்கட்டுமா?"

சொல்லிவிட்டாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடி ஆத்தீ, இவ்வளவு சுலபமா இது!

"விளையாடாதீங்க அண்ணி, இங்க மணிக்கணக்குல வாடகை ஓடுது!"

"அதுக்கு மட்டும் குடுக்கறீங்கல்ல?"

"குடும்பத்துக்குள்ள காசா? எவ்ளோ பெரிய அனுபவம் உங்களுக்கு!"

"அனுபவத்தை அடுப்புல வச்சா சோறு வேகுமா? அந்த நாய்க்கு ஏன் அனுபவம் பத்தல?"

ஒலிப்பதிவுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"உங்களுக்குக் குடுத்தா வெளிய உக்காந்திருக்கறவங்களும் கேப்பாங்களே!"

"கேக்கட்டும். நாயைவிட நல்லாத்தான் நடிச்சாங்க."

"நான் வேற ஆளை வச்சுப் பேசிக்கறேன், போங்க!"

"வேற ஆளு மைக்கைத் தொடறதுக்கு முன்னாடியே காசு கேப்பாங்க சார்," என்றார் ஒலிப்பதிவுக்காரர், குனிந்த தலை நிமிராமல்.

கொழுந்தன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே பர்ஸைத் திறந்தான். அவள் வாங்கி, கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு மைக் முன்னால் நின்றாள்.

"என் கூலியை..." களுக்கென்று சிரித்துவிட்டாள்.

மறுபடி. "என் கூ..." போச்சு.

"சிரிக்காமச் சொல்லுங்க அண்ணி! கூலி கிடைக்காதவ மாதிரி அழுங்க!"

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு தம்பி. இப்போ கையில இருக்குதே, எங்கேருந்து அழறது?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியபோதுதான், அந்தத் தழுதழுப்பிலேயே ஒருவழியாக வசனம் ஓகே ஆயிற்று. அண்ணி வெளியே போனாள். பெஞ்சில் காத்திருந்த, எசமானியாக நடித்தவளின் காதில் என்னவோ சொன்னாள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

திரையில் எசமானி இடுப்பில் கை வைத்து, வேலைக்காரியைப் பார்த்து, 'நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்குடி கூலி?' என்று வாயசைத்தாள்.

மைக் முன்னால் நின்ற நடிகை வாயைத் திறக்காமல் கையை நீட்டினாள்.

கொழுந்தன் மறுபடியும் பர்ஸைத் தேடினான்.