மூடியில்லாத கப்பல்

தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் தன் கப்பலில் உப்பு ஏறிக்கொண்டிருக்க, மாலுமி மக்தூம் காயல்பட்டினத்துக்கு மனைவி வீட்டுக்கு வந்திருந்தான். சிங்கப்பூரில் வாங்கிய பிளாஸ்டிக் கப்பலும் கூடவே வந்தது. பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற, சாண் நீளச் சரக்குக் கப்பல். மேல்தளத்துக்குப் பசை தடவப் போனவனிடமிருந்து மனைவி ராஹிலா அதைப் பிடுங்கினாள்.

"சரக்கறைக்கு வழி எங்க மச்சான்? மூடியும் தளமும் ஒரே வார்ப்பால்லா இருக்கு!"

"கம்பெனிக்காரன் அப்படித்தான் அடிச்சிருக்கான். வெட்டுனா ஒடைஞ்சிரும், விட்ரு."

அந்தச் சொல்தான் அவளைச் சீண்டிவிட்டது.

"கப்பல் ஒங்களுது, வீடு என்னுது. பேசாம இரிங்க."

மூடியின் மூலைகளில் ஊசியால் துளையிட்டு, பிளேடை எடுத்தாள். அழுத்தினால் பிளேடு கோட்டைத் தாண்டி ஓடிவிடும் என்று தெரிந்து, பூப்போல வைத்து ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப இழுத்தாள். பிளாஸ்டிக் சுருள் சுருளாக உதிர்ந்தது. கடைசியில் மூடி ஒரு கீறல் இல்லாமல் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

மக்தூம் அசந்துபோனான். "அசல் கப்பல் மாதிரியே இருக்கு புள்ளே! மூடியைக் கொண்டா, மேல வச்சுப் பாப்போம்."

"எதுக்கு? மூடி போட்டா கப்பல் கெளம்பிரும், நீங்களும் போயிருவிய."

மூடியை முந்தானையில் முடிந்துகொண்டு, அவள் அடுக்களைக்குப் போனாள்.