பித்தளை மரை

டோகுஜி இறந்து மூன்றாவது குளிர்காலத்தில் அவன் குரல் ஒரு வால்நட் பலகையிலிருந்து கேட்கத் தொடங்கியது. அந்த வருடம் ஜப்பானின் மட்சுமோட்டோவில் ஆப்பிள் நன்றாகக் காய்த்திருந்தது, பனி தாமதமாக விழுந்தது. ஊரில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள். உயிரோடு இருந்தவரை டோகுஜி வீட்டில் வாய் திறந்தவனல்ல. கல்யாணமான புதிதில் மனைவி மிசாவோவின் கிதாரைக் கேட்காமல் கொள்ளாமல் விற்றுவிட்டு வந்தான். அதுவரை அவள் அசாமா வெந்நீர் ஊற்றுப் பக்கத்து நடன அரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்தவள். பிறகு முப்பது வருடம் இருவருக்கும் நடுவில் சோறும் ஊறுகாயும் மட்டும் போய்வந்தன. சாயங்காலமானால் அவன் தோட்டத்து வால்நட் மரத்திடம் போய் ஏதோ முணுமுணுப்பான்; அவள் அருகில் வந்தால் நிறுத்திவிடுவான். அவன் மாரடைப்பில் போனதும் மிசாவோ மரத்தை வெட்டி, பலகையைக் காயவிட்டு, கிதார் செய்யும் குராஷினாவின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். "இதுல எனக்கு ஒரு எலக்ட்ரிக் கிதார் செஞ்சு குடுங்க."

குராஷினா வழக்கம்போல, கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கவிட்டார். ஒலிபெருக்கியைப் போட்டதும் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி காதைத் தீட்டிக்கொண்டாள். "உசுரோட இருந்தப்ப வாயைத் திறக்காத மனுஷன், மரமானப்புறம் பேசுறாராக்கும்."

மிசாவோ சிரிக்கவில்லை. "சட்டத்தைக் கழட்டிருங்க குராஷினா சான். நேரா மரத்துலயே முடுக்குங்க."

"முடுக்கலாம். அடியில எதாவது வச்சாத்தான் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியும்."

ஸ்பிரிங் வைத்துப் பார்த்தார். குரல் குளிரில் நடுங்குவதுபோல் வந்தது. ஸ்பாஞ்சு வைத்தார், மூச்சு மட்டும் கேட்டது. பிக்கப்புக்கு அடியில் அதே வால்நட்டில் ஒரு சில்லைக் கொடுத்து மர ஸ்க்ரூவால் இறுக்கியபோது, "மிசாவோ" என்று தெளிவாக வந்தது. அவள் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கழற்றிக் கழற்றி முடுக்கியதில் துளை தேய்ந்து, ஸ்க்ரூ சும்மா சுற்றியது, குரல் கரகரத்தது.

"உள்ள மரை வெட்டின பித்தளைக் குழாயைப் புதைச்சு, அதுல மெஷின் ஸ்க்ரூ போட்டா அசையாது," என்றார் குராஷினா. "அப்புறம் எல்லாமே கேக்கும், மிசாவோ சான். நல்லதும் கெட்டதும்."

"முப்பது வருஷமா ஒண்ணுமே கேக்கலியே. போடுங்க."

பித்தளை ஏறியது. "மிசாவோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றது கிதார். பிறகு இலைகளின் சலசலப்பு. மறுபடி அதே வாக்கியம், இம்முறை மழைச் சத்தத்தோடு. காலையில் இளைஞனாகத் தொடங்கிய குரல் மத்தியானத்துக்குள் தடித்து, பொழுது சாயும்போது இருமியது. ஒருமுறைகூட அடுத்த வார்த்தை வரவில்லை. குராஷினா தன் வேலையைச் சந்தேகித்து ஸ்க்ரூக்களை மாற்றினார், பற்றவைத்த இடங்களைத் தடவிப் பார்த்தார்.

"விடுங்க," என்றாள் மிசாவோ. "உங்க வேலையில குத்தமில்ல. அவரு மரத்துகிட்டகூட அதுக்கு மேல சொன்னதே இல்ல."

"திரும்ப ஸ்பாஞ்சையே வச்சிரட்டுமா?"

அவள் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வேணாம். இருக்கட்டும்."

இப்போது சனிக்கிழமைகளில் அசாமாவில் ஒரு சின்ன அரங்கில் வாசிக்கிறாள். இரண்டு பாட்டுக்கு நடுவில் கிதார் தன் வாக்கியத்தைச் சொல்லும். மிசாவோ கம்பியிலிருந்து கையை எடுத்து, "சொல்லுங்க" என்பாள். அடுத்த வார்த்தைக்காக அவள் காத்திருக்கும்வரை யாரும் பீர் ஊற்றுவதில்லை. அப்புறம் அவள் அடுத்த பாட்டை எடுப்பாள்.