புல்வெட்டும் மெஷினுக்கு எதுக்கு ஜன்னல்

வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கோலின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உள்ள போனதும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. புல்வெட்டுற மெஷின் நிறுத்த ஷெட்டு. யார் கேட்டாலும் மெஷின்."

ஷெட்டில் ஆள் தங்கப்போகிறது என்று தெரிந்தால் நகரசபையிலிருந்து வருவார்கள், வரைபடம் கேட்பார்கள், ஆளையே அலைய வைப்பார்கள். சாமான் போட என்றால் ஒருத்தரும் சீண்டுவதில்லை. மில்டுராவில் இப்படி மெஷின் என்ற பெயரில் அப்பா அம்மா வீட்டுக் கொல்லையில் படுத்து எழுந்தவர்களை எண்ணப் போனால், ஊரில் புல்லைவிட மெஷின் அதிகமாக இருக்கும்.

அன்றைக்கு வாங்கப்போகிற ஷெட்டுக்கான மெஷின், பெயர் ஸ்காட், வயது நாற்பத்தொன்று, பின்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். முன்சீட்டில் இருந்த அவன் அம்மா கிளெனிஸ் கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தூரத்து நகரமான பெர்த்துக்குப் போன பிறகு ஸ்காட்டுக்கு ஒன்றுமே ஒட்டவில்லை. வேலை போனது, வாடகை வீடும் போனது. அப்பா அம்மாவிடம் வந்தான். கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேஜையில் கோலின் ஏதோ சொல்ல, இவன் தட்டைத் தூக்கி எறிய, "இனிமே நானும் இவனும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க மாட்டோம்" என்று கோலின் சொல்லிவிட்டார். அவர் சொன்ன சொல் தவறாத மனிதர் என்று ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற மகன் ஆற்றங்கரையில் வண்டிக்குள் படுத்துக்கொண்டான். அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் ஒருநாள் போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தும் அவன் எழவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்து, "மாத்திரை கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான். கிளெனிஸ் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் கோலினுக்கு யோசனை வந்தது. ஷெட்டு என்றால் வேறு கூரை. சொன்ன சொல்லும் நிற்கும், மகனும் பக்கத்தில் இருப்பான். அவர் கெட்டவர் இல்லை. தானே மண்ணைக் கொத்திச் சிமெண்டுத் தளம் போட்டார், முழங்கால் வலியோடு. ஆனால் பத்தடி நடந்து போய் மகனிடம் உள்ளே வாடா என்று சொல்ல அந்த மனிதருக்கு வரவில்லை. சிமெண்டு குழைப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

கடை என்பது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு திடல். தகர ஷெட்டுகள் சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாக நின்றன. விற்பவள் டார்லீன் என்று ஒருத்தி, வெயிலில் கழுத்து சிவந்தவள், வாய் ஓயாதவள்.

"எதுக்கு ஷெட்டு?"

"புல்வெட்டுற மெஷினுக்கு" என்றார் கோலின்.

டார்லீன் கோலினைப் பார்த்தாள். கிளெனிஸைப் பார்த்தாள். நாலடி தள்ளி நின்ற ஸ்காட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். "மெஷின் எவ்வளவு உயரம்?"

"என்ன?"

"உயரமான மெஷின்னா உத்தரம் இடிக்கும், அதான் கேட்டேன். நீ உள்ள போய் நின்னு பாரு, கண்ணு."

ஸ்காட் உள்ளே போய் நின்றான். தலை இடிக்கவில்லை. கிளெனிஸும் பின்னால் போனாள். காலை வெயிலுக்கே உள்ளே குப்பென்று இருந்தது. கதவைச் சாத்தினால் கும்மிருட்டாகிவிடும்.

"இதுல ஜன்னல் வருமா?" என்று கேட்டாள்.

"மெஷினுக்கு எதுக்கு ஜன்னல்?" வெளியிலிருந்து கோலினின் குரல் வந்தது. "அது உக்காந்து வேடிக்கை பாக்கப்போவுதா?"

"நிறைய பேர் வைக்கிறாங்க" என்றாள் டார்லீன். "பெட்ரோல் வாடை போகணும்ல. சூடு, குளிர் இறங்காம சுவத்துக்கு உள்ள பஞ்சு வச்சுத் தரச் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் மெஷினுக்கு ஏர்கூலர் வாங்கிட்டுப் போனாரு. மெஷினுக்கு வேர்க்குமாம்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிக் கைகொடுப்பாள்? ஆனால் கோலின் தன் பொய்யைத் தானே நம்பத் தொடங்கியிருந்தார்.

"அதெல்லாம் தண்டம். எனக்கு முன்னால அகலமா ஷட்டர் வேணும். நாளைக்கு ஒரு படகு வாங்குனா உள்ள போகணும்ல."

கிளெனிஸுக்குச் சுருக்கென்றது. அந்த நாளையில் மகன் எங்கே இருக்கிறான்? அவர் வேண்டுமென்று சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் இன்னும் வலித்தது.

"கோல், ஒரு சின்ன ஜன்னல். சமையலறைப் பக்கமா."

"மெஷினுக்குன்னு சொல்லியாச்சு, கிளென்."

மெஷினுக்காக அவள் எப்படி மல்லுக்கு நிற்பாள்? மகனுக்கு என்றால் ஆயிரம் சொல்லலாம். வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், மனுஷன் வானத்தைப் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்ட பொய் அதில் ஒன்றையும் சொல்ல விடவில்லை. பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை.

"என் பையன் அதுல படுக்கப்போறான்" என்றாள்.

கோலினின் முகம் செத்துவிட்டது. டார்லீன் சட்டைப்பையில் பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். "இந்த ரோட்டுச் சத்தத்துல எனக்கு ஒரு எழவும் கேக்க மாட்டேங்குது" என்று பொதுவாகச் சொன்னாள். "ஜன்னல் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

ஸ்காட் ஷெட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தான். காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"வேணாம். மெஷினுக்குத்தான். மெஷினுக்கு ஜன்னல் தேவையில்ல."

"பாத்தியா" என்றார் கோலின். அவர் குரலில் ஒரு நன்றி இருந்தது. மகன் தன் பக்கம் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது. அவன் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு, டார்லீனோடு அலுவலகத்துக்குள் போனார்.

கிளெனிஸ் மகனின் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஏன்டா அப்படிச் சொன்னே? அவ வச்சுக் குடுக்கத் தயாரா இருந்தாளேடா. அவர் கத்துனா கத்திட்டுப் போறாரு."

"எதுக்கும்மா உனக்கு ஜன்னல்?"

"உனக்குத்தான். வெளிச்சத்துக்கு."

"சமையலறைப் பக்கமா கேட்டியே. அந்தப் பக்கம் வெளிச்சம் வராது."

அவள் சட்டைக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"காலையில கெட்டில் வைக்கும்போது எட்டிப் பாக்கணும். நான் எழுந்திருச்சேனா, நடமாடுறேனான்னு. அதானே?"

"ஆமா" என்றாள். இனிமேல் எதற்கு மறைக்க வேண்டும்? "அதுக்குத்தான். நான் பெத்தவ, வேற என்ன செய்வேன்?"

"அதான் வேணாங்கிறேன்."

கோபமே இல்லாமல் சொன்னான். தட்டைத் தூக்கி எறிந்த அன்றைக்காவது அவனிடம் கோபம் இருந்தது, எதையோ கேட்டான் என்று அர்த்தம். இப்போது அவன் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கொடுக்க வந்ததையும் வேண்டாம் என்கிறான். கிளெனிஸ் பிடித்த சட்டைக் கையை விடாமல் நின்றாள். அவனும் இழுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும் ஆள்போலப் பொறுமையாக நின்றான்.

கோலின் ரசீதை மடித்துக்கொண்டே வந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. "வியாழக்கிழமை கொண்டுவந்து மாட்டிருவாங்க. நிறம் நான் பாத்துச் சொல்லிட்டேன், நம்ம வேலி இருக்குல்ல, அதே பச்சை" என்றவர், தான் செய்த நல்ல காரியத்தை இருவருக்கும் ஒருமுறை புரியவைக்க விரும்பினார். "பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாத்தாலும் அங்க ஒண்ணு இருக்கிறதே தெரியாது."

"நல்லது, அப்பா" என்றான் ஸ்காட். அம்மாவின் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவளுக்காக முன்கதவைத் திறந்து பிடித்தான்.